43 கிலோ போய்விட்டது, தோல் மட்டும் போகவில்லை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 36 வயது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். உயரம் 157 செ.மீ. இரண்டரை ஆண்டுக்கு முன் 112 கிலோ இருந்தேன். சர்க்கரை வருகிற எல்லையில் இருக்கிறது என்று மருத்துவர் எச்சரித்ததால் சாப்பாட்டைக் குறைத்து, விடியற்காலையில் ராபின்சன் பூங்காவில் நடந்து, இப்போது 69 கிலோவுக்கு வந்திருக்கிறேன். நான்கு மாதமாக எடை அசையவில்லை. ஆனால் வயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் விழுகிறது. கைகளிலும் தொங்குகிறது. வயிற்று மடிப்புக்குள் சிவந்து எரிகிறது, வாடையும் வருகிறது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது. ஓர் அழகுச் சிகிச்சை மையத்தில் பத்து சிட்டிங்கில் தோலை இறுக்கித் தருவதாகச் சொல்லி 85,000 ரூபாய் கேட்கிறார்கள். தெருவில் பார்ப்பவர்கள் "என்னம்மா, இப்படி வற்றிப்போய்விட்டாய், சர்க்கரையா?" என்கிறார்கள். என் கணவர் எதுவும் சொல்வதில்லை, நான்தான் முதலில் விளக்கை அணைத்துவிடுகிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. கல்யாணத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? சில நாள் அந்தப் பழைய உடம்பே தேவலை என்று தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும். முதலில் அந்த டியூபை எடுத்து, அதில் பொடி எழுத்தில் இருப்பதை உங்கள் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குளோபிடசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது ஒரு பெயர் வந்தால் இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். அவை ஸ்டீராய்டுகள். பூஞ்சைக்கான மருந்தோடு ஸ்டீராய்டையும் கலந்து விற்கும் இந்த வகை டியூப்தான் நம் ஊர் மருந்துக் கடைகளில் படை, அரிப்பு என்று கேட்டாலே கைக்கு வருவது. ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் அடக்கும், பூஞ்சையை அடக்காது. அது உள்ளே நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும். இரண்டு நாளில் அடங்கி, விட்டதும் இரட்டிப்பாக வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து அதன் குணம். போதாக்குறைக்கு, மடிப்புக்குள் போடும் ஸ்டீராய்டு தோலை இன்னும் மெலிதாக்கி, அழியாத வரிகளை உண்டாக்கும். ஏற்கெனவே இழுபட்டு நைந்த தோலுக்கு அது தேவையா? நிறுத்தியதும் சில நாள் எரிச்சல் கூடலாம், பயப்பட வேண்டாம்.

மடிப்பில் வருவது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. நடுவில் பளபளவென்று சிவந்து, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அதுவாகத்தான் இருக்கும். பழுப்பு நிறத்தில் பரவினால் அது பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. அதனால் ஒரு தோல் மருத்துவர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பூஞ்சைதான் என்றால் ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் போன்ற கிரீமை இரண்டு வேளை, இரண்டிலிருந்து நான்கு வாரம் போடச் சொல்வார். சிவப்பு மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்தக் கடைசி வாரத்தில்தான். காய்ச்சல் வந்தாலோ, சீழ் கண்டாலோ, சிவப்பு மடிப்பைத் தாண்டிப் பரவினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருந்தைவிடப் பெரிய மருந்து ஈரம் இல்லாமல் வைத்துக்கொள்வது. சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். கடல் காற்றின் புழுக்கத்தில் பதினொரு மணி நேரம் நிற்கிற உடம்பு. சிறிய வீட்டில் மடிப்பை விரித்துக் காற்றாட உட்காரவும் இடம் இருக்காது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குளித்ததும் மடிப்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் சூடில்லாத காற்றில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். பிறகு பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய மல் வேட்டியை அரை முழ அகலத்துக்குக் கிழித்து, ஒற்றை மடிப்பாக உள்ளே வையுங்கள். துணியின் ஓரம் இரண்டு விரல் அளவுக்காவது வெளியே தெரிய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் வழியாகத்தான் ஈரம் ஆவியாகும். முழுதும் உள்ளே போய்விட்ட துணி, ஈரத்தைக் காக்கும் துணி. கடைக்குப் போகும்போது நான்கு துண்டு எடுத்துப் போய், நனைய நனைய மாற்றுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்துங்கள், மழைக்காலத்தில் இஸ்திரி போட்டுவிடுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம். வியர்வையில் அது களிம்பாகி, மடிப்பில் திரண்டு உராயும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதை நீங்கள் எழுதவில்லை. பாவாடை நாடாவை எங்கே முடிகிறீர்கள்? தொங்கும் மடிப்புக்கு அடியில் என்றால், நாள் முழுக்க அந்த மெல்லிய கயிறு தோலுக்குள் புதைந்து கிடக்கிறது. கறுத்த தடத்தில் தொடங்கி, வெடிப்பாகி, புண்ணாகிறது. அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடந்த புண் புற்றாக மாறியதையும் மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடை போதும். அதற்கு உள்ளே, தொப்புளுக்கு மேல் வரை ஏறுகிற பருத்தி உள்ளாடை ஒன்றைப் போட்டு, மடிப்பைத் தூக்கி அதற்குள் அமர்த்திக்கொள்ளுங்கள். மூச்சுப் பிடிக்கிற மாதிரி இறுக்க வேண்டாம். தொங்கும் பாரம் ஏறிக்கொண்டால் இடுப்பு வலியும் குறையும்.

இனி தோலுக்கு வருவோம். ஜவுளிக்கடையில் நிற்கிறவர் நீங்கள், உங்களுக்கு எளிதாகவே புரியும். தோலுக்குள் கொலாஜன் என்ற உறுதியான இழையும் எலாஸ்டின் என்ற இழுபட்டுத் திரும்பும் இழையும் இருக்கின்றன. எலாஸ்டின் பெரும்பாலும் வளரும் வயதிலேயே நெய்து முடித்துவிடப்படும். பிறகு அறுந்தால் உடம்பு அதைப் பழைய ஒழுங்கில் நெய்வதில்லை. எவ்வளவு காலம் இழுபட்டுக் கிடந்தது, எத்தனை கிலோ குறைந்தது, எந்த வயதில் குறைந்தது, வெயில் எவ்வளவு பட்டது, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் பொறுத்து, திரும்பிச் சுருங்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எடை நின்ற பிறகு ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு வரை கொஞ்சம் சுருங்கும். உங்களுக்கும் இன்னும் சற்றுச் சுருங்கலாம். ஆனால் இரண்டு கர்ப்பத்தையும் 43 கிலோவையும் பார்த்த வயிறு, தொடைமேல் விழும் மடிப்பைத் தானாகச் சுருட்டிக்கொள்ளாது.

தைத்த பிளவுஸ் பெரிதாகப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? இஸ்திரி போட்டால் சின்னதாகிவிடுமா? கிரீம்களும் எண்ணெய்களும் இஸ்திரி மாதிரிதான். மேலே மினுமினுப்பு வரும், அளவு குறையாது. ரேடியோ அலையால் சூடேற்றித் தோலை இறுக்கும் இயந்திரம் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. தாடையோரம் லேசாகத் தளர்ந்தவருக்கு ஓரளவு பலன் தரும். தொங்கும் மடிப்பை அது ஒரு விரற்கடைகூட மேலே ஏற்றாது. அதனால் அந்த 85,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். "எத்தனை சதவீதம் குறையும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனை மட்டும் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்ட வேண்டாம். பஞ்சை எடுத்துவிட்ட தலையணை உறை என்ன ஆகும்? இன்னும்தான் தொளதொளக்கும்.

பிளவுஸைக் குறைக்க ஒரே வழி, அதிகமாக இருக்கும் துணியை வெட்டித் தைப்பது. தோலும் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு. நல்ல டெய்லர் தையலை உள்பக்கம் மறைத்துவிடுவார். எனக்கு அந்த வசதி இல்லை, என் தையல் வெளியேதான் இருக்கும். தொங்கும் தோலைக் கொடுத்துவிட்டு ஒரு நீளத் தழும்பை வாங்கிக்கொள்கிறீர்கள். இந்தப் பேரத்துக்கு உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் முழுக் கேள்வியும். வயிற்றில் அந்தத் தழும்பு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை போகும். புடவைக்கட்டுக்குள் மறைந்துவிடும் என்பதால் பலரும் சம்மதிக்கிறார்கள். கையில் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாக ஓடும். கையைத் தூக்கி அலமாரியிலிருந்து புடவை எடுத்துப் போடும் வேலை உங்களுடையது, ஒரு நாளைக்கு நூறு முறை அந்தத் தழும்பு வெளியே தெரியும். கைக்கு அவசரப்படாதீர்கள் என்பது என் எண்ணம். முதலில் வயிறு, பிறகு பார்க்கலாம்.

உங்கள் தழும்பு எப்படி இருக்கும் என்று நான் ஊகிப்பதைவிட நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மடிப்பைத் தூக்கிச் சிசேரியன் தழும்பைக் கண்ணாடியில் பாருங்கள். மெல்லிய கோடாக மங்கியிருந்தால் நல்லது. கயிறு போல் தடித்து அரிக்கிறது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சிலிக்கோன் ஜெல், ஊசி என்று அதற்கான ஏற்பாட்டோடு இறங்க வேண்டும். நம் நிறத்துத் தோலில் தழும்பு தடிப்பது சகஜம். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டியெடுக்கும் தோலோடு போய்விடும், அது ஒரு லாபம்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நடுவில் இடைவெளி தெரிந்தால் வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கின்றன என்று அர்த்தம். புடைத்துக்கொண்டு ஏதாவது வெளியே வந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஆபரேஷனில் இரண்டு வகை இருக்கிறது. தொங்கும் தோலை மட்டும் எடுப்பது ஒன்று. தோலை எடுத்து, விலகிய தசையையும் சேர்த்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றி வைப்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு நேரமும் செலவும் அதிகம், வயிறு தட்டையாவது அதில்தான். எது செய்யப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தை மாதத்துக்குள் வேண்டாம். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும், உங்களுக்கு நான்குதான் ஆகியிருக்கிறது. மடிப்பில் பூஞ்சை இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், அல்புமின், பி12, சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கமோ, மாவா பழக்கமோ இருந்தால் நான்கு வாரத்துக்கு முன்பே விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தையலோரத் தோலுக்கு ரத்தம் வராமல் கறுத்துச் செத்துப்போகும். இதை நான் பார்த்திருக்கிறேன். மறைத்துவிட்டு வந்த ஒரு பெண்மணிக்குக் காயம் ஆற மூன்று மாதம் ஆனது, அவர் மகளுக்குத்தான் கட்டுப் போடும் வேலை.

அடுத்தது சாப்பாடு. இரவு இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு எடையைக் குறைத்தவர்களை நிறையப் பார்க்கிறேன், நீங்களும் அப்படித்தானோ? இரண்டு இட்லியில் நான்கு கிராம் புரதம் இருந்தால் அதிகம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் வேண்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், தோல் இன்னும் தொளதொளப்பாகத் தெரியும், காயமும் ஆறாது. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது, சங்கரா விலை ஏறினால் மத்தி, நெத்திலி வாங்குங்கள். புரதத்தில் அவை ஒன்றும் இளைத்தவை இல்லை. கொலாஜன் பவுடர் டப்பாவுக்குப் போகும் பணத்தை மீன்காரம்மாவிடம் கொடுத்துவிடலாம்.

நடை போதாது. தசை கூடினால் தோலுக்கு உள்ளிருந்து கொஞ்சம் நிரப்பு கிடைக்கும், குறிப்பாகக் கையிலும் தொடையிலும். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது. இதற்கு ஜிம் தேவையில்லை. லாரித் தண்ணீர் பிடித்துக் குடம் சுமந்த நம் பகுதிப் பெண்களுக்கு எடை தூக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் குடம்தான் ஆபரேஷனுக்குப் பிறகு பிரச்சினை. தண்ணீர் நிறைந்த குடம் ஏறக்குறைய 15 கிலோ. ஆறு வாரத்துக்கு அதைத் தொடக் கூடாது. முதல் வாரம் முன்னால் குனிந்தபடிதான் நடக்க வேண்டியிருக்கும், நிமிர்ந்தால் தையல் இழுக்கும். ஆனாலும் மறுநாளே எழுந்து நடந்துவிட வேண்டும். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. வயிற்றில் சேரும் நீரை வெளியேற்றப் பக்கத்தில் குழாய் இருக்கும். அதை எடுத்த பிறகும் நீர் கட்டினால் ஊசியால் உறிஞ்ச வேண்டிவரும். ஆறு வாரம் இறுக்கு உடை. தையலின் நடுப்பகுதி கொஞ்சம் பிரிவது எனக்குத் தெரிந்து அடிக்கடி வரும் தொல்லை, பொறுமையாகக் கட்டுப் போட்டால் ஆறும். தொப்புளுக்குக் கீழே பல மாதம் மரத்தது போல் இருக்கும். நின்று செய்யும் வேலைக்குத் திரும்ப நான்கு வாரமாவது ஆகும். அந்த நான்கு வாரச் சம்பளம், தண்ணீர் பிடிக்கும் ஆள், சமைக்கும் ஆள் மூன்றையும் முடிவு செய்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

செலவுக்கு, முதலில் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள், உங்களுக்கு நடந்து போகிற தூரம். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற அதே பிளாஸ்டிக் சர்ஜரித் துறையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம். அழகுக்கான சிகிச்சையைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் புண்ணும் குடலிறக்கமும் நோய்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் உங்கள் நிலைக்கு இடம் உண்டா என்பதை அங்கேயே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மடிப்பு சிவக்கும் ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் தேதியோடு ஒரு படம் எடுத்து, மருந்துச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். வாயால் சொல்வதைவிட ஆறு மாதப் படங்கள் நன்றாகப் பேசும்.

பழைய உடம்பே தேவலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உடம்பு சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றிருந்தது. "சர்க்கரையா?" என்று இப்போது தெருவில் கேட்கிறார்களே, அப்போது யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் குண்டாக இருந்தால் செழிப்பு, இளைத்தால் நோய். அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் எடுத்துவிடுங்கள். மடிப்பில் பூஞ்சை விடாமல் வந்தால் எப்படியும் அதைப் பார்த்தாக வேண்டும்.

விளக்கை அணைப்பதைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. உங்கள் கணவர் எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். நீங்களும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்றுதான் தெரிகிறது. ஆபரேஷனுக்கு வரும் தம்பதிகளில் பாதிப்பேருக்கு என் எதிரில் உட்காரும்போதுதான் இந்தப் பேச்சே தொடங்குகிறது. கணவர் பல சமயம் தழும்பைக் கேட்டுத்தான் பயப்படுகிறார், தோலை அவர் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார். மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். பிளவுஸுக்கு முழங்கை வரை கை வையுங்கள். அக்குளில் கொஞ்சம் தாராளமாக விட்டு, முழங்கையோரம் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், மேலே இறுக்கினால் தோல் பிதுங்கும். பட்டுக்கு வழக்கமான சாட்டின் பாவாடை வேண்டாம். அதில் வியர்வை ஒட்டாமல் நேரே மடிப்பில் இறங்கும். அகலப் பட்டை வைத்த பருத்திப் பாவாடையே கட்டுங்கள். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்திக்கு முன் ஒருமுறை மணமகள் அறைக்குப் போய் மல் துணியை மாற்றிக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி வாக்கில், எடை அப்படியே நின்றிருந்தால், படங்களையும் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பழைய டியூபையும் கொண்டு வாருங்கள், அதில் என்ன பெயர் இருந்தது என்று நானும் பார்க்க வேண்டும்.